துணைக்கால்

என் கைபேசியில் ஒரு கோப்புறை இருக்கிறது.
பெயர்: பிழை.
இருநூற்றுப் பதினேழு படங்கள்.

முத்திரை சேர்ப்பவர் உண்டு, சோடா மூடி சேர்ப்பவர் உண்டு;
என் அலுவலகத்து இஷார யோகட் கரண்டி சேர்க்கிறான்,
நிறவாரியாக, ஒரு பிஸ்கட் டின்னுக்குள்.
நான் கொழும்பின் பலகைகளில்
தமிழ் இடறி விழுந்த இடங்களைச் சேர்க்கிறேன்.

கிருலப்பனையில் ஒரு மருந்தகம்
மறந்தகம் ஆகியிருந்தது.
பனடோல் வாங்க நுழைந்து
பற்பசையோடு வெளியே வந்தேன்.

குப்பை பாடாதீர் என்றது கொம்பனித்தெருவில் ஒரு மதில்.
அன்றிலிருந்து எழுதுவதில் கொஞ்சம் நிதானம்.

ஒரு காரியாலயத்தின் மூன்றாம் மாடியில்
பெண்கள் களிப்பறை.
எதிரே ஆண்களுக்கு வெறும் கழிப்பறைதான்,
எழுத்துச் சுத்தமாக.
அதைப் படம் எடுக்கவில்லை.

வரிசையில் விற்கவும் என்ற பலகையின் கீழே
நாற்பது பேர் நின்றார்கள்.
விற்க ஒன்றுமில்லை, ஆளுக்கொரு படிவம்.

இரவில் இவற்றைப் பதிவேற்றுவேன்.
ஸ்கார்பரோவிலிருந்து சிரிப்பு முகங்கள் வரும்,
பாரிஸிலிருந்து கண்ணீர் தெறிக்கும் சிரிப்பு முகங்கள்.
ஒருவர் மட்டும் தவறாமல்
இது இனத்துக்கே அவமானம் என்று எழுதுவார்,
மூன்று எழுத்துப்பிழையோடு.

இதில் பகிடி எங்கே மச்சான், என்றான் இஷார.
ழகரத்தையும் ளகரத்தையும் விளக்கி முடிக்கையில்
தேத்தண்ணீர் ஆறியிருந்தது.
பகிடியும்.

சேகரிப்பில் சேர்க்காத ஒன்று உண்டு:
என் அடையாள அட்டை.
யதுகுலன் என்று வைத்த பெயரை
எதுகுலன் என்று அச்சடித்துத் தந்தார்கள்.
வங்கியில் ஒருத்தி அதை உரக்க வாசித்தாள்.
கேள்வி என்று நினைத்து
ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

போன வெள்ளி, பழைய சாமான் விற்கும் பக்கமொன்றில்
இரண்டு மின்விசிறிக்கும் ஒரு மீன்தொட்டிக்கும் நடுவே
மஞ்சள் தகரம். மண்டையோடு. மின்னல் கோடு.
பதினோராயிரம் வோல்ட் என்று மும்மொழியிலும்.
அபாயம் என்று வரவேண்டிய இடத்தில்
அபயம்.

விலை மூவாயிரத்து ஐந்நூறு. பேசலாம்.

பஞ்சிகாவத்தையில்
கழற்றிய கார்க்கதவுகள் தொங்கும் சந்துக்குள்
குணசோம மாத்தயாவின் கடை.
பலகையை எழுதியவரும் அவரே.
தமிழ் தெரியாது மகன், என்றார், வரைவேன்.
ழ பிடிக்குமாம், சம்மணமிட்ட ஆள் மாதிரி.
ங் வந்தால் அநேகமாக நாட்டின் பெயர் என்று தெரியுமாம்.

பிழையைக் காட்டினேன்.
இந்த எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கால் நிற்க வேண்டும்.
நின்றால் ஆபத்து.
நிற்காவிட்டால்,
என்று சிங்களத்தில் ஒரு சொல்லுக்குத் தடவினேன்.

அபய? என்றார் அவர்.

அந்தச் சொல் அவரிடமும் இருந்தது.

கொஞ்ச நேரம் தகரத்தையே பார்த்தார்.
அப்போதெல்லாம் எழுத்து பெக்ஸில் வரும் மகன்.
அந்தக் கோட்டை
மெஷினின் அழுக்கு என்று நினைத்துவிட்டேன்.
பதினொரு வருடம் கிராண்ட்பாஸில் தொங்கியது.
ஒரு முறைப்பாடு வரவில்லை.

கறுப்பு டப்பாவைத் திறந்து தூரிகையைத் தோய்த்தார்.
ஒரு கால்தானே, காசு வேண்டாம்.
நான் பலகையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.
மூவாயிரத்துக்கு முடிந்தது.

நூறாம் இலக்க பஸ். ஜன்னலோரம் நான்,
மடியில் மண்டையோடு.
இதற்கும் ஒரு டிக்கெட் எடு என்றான் கொண்டக்டர், சிரிக்காமல்.
பக்கத்து இருக்கை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.
கொள்ளுப்பிட்டியில் ஏறிய இரண்டு மாணவர்கள்
எட்டிப் பார்த்துவிட்டு நின்றே வந்தார்கள்.

பம்பலப்பிட்டியில் ஓர் அம்மா ஏறினார்,
கையில் எக்ஸ்ரே உறை, மூச்சு வாங்க.
மண்டையோட்டைப் பார்த்தார்.
பிறகு அதன் கீழே,
உதடு அசைய,
எழுத்தெழுத்தாக.

உட்கார்ந்தார்.