ஏழு ஏழாக

நூறு.
தொண்ணூற்று மூன்று.
எண்பத்தாறு.
அதற்குமேல் லோரி ஏறவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் நூராய்னி
பேனாவை மூடித் திறக்கிறாள்.
முப்பத்தொரு வருஷம்
செம்பனை ஆலை எடைப்பாலத்தில்
நான் கழித்தது இப்படி ஏழு ஏழாகவா?
பழமேற்றிய லோரியில்
வெறும் லோரியைக் கழித்தால் பழம்.
காகிதம் கேட்டதில்லை.

ஸ்கேன் படத்தில்
அரிசி சிந்தினாற்போல் வெள்ளைப் புள்ளிகள்.
சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள், என்றார் டாக்டர்.
பிரஷர் மாத்திரை அப்படியே இருக்கட்டும்,
மறதிக்கென்று தனி மாத்திரை இல்லை.
பவளக்கொடி மருந்துச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்குமோ என்று.

நூராய்னி கொடுத்த தாளில் இருந்தது எல்லாம்
காசில்லாத சரக்கு:
நட. ஆட்களோடு உட்கார். மூளைக்கு வேலை கொடு.
உப்பு, கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது.

மகனின் பழைய பள்ளிச் சப்பாத்தில்
விடிகாலை சுங்கை சிப்புட்டை அளக்கிறேன்,
ரயில் ஸ்டேஷன் வரை, திரும்ப.
ரப்பர் லயத்து நாய்களுக்கு
முதல் வாரம் நான் திருடன்,
மூன்றாம் வாரம் கடிகாரம்.

நெத்திலி பாட்டில் அலமாரி உச்சிக்குப் போய்விட்டது.
'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்றேன்.
'பழமொழி மறக்கல, நல்லதுதான்' என்று
இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

ஒரு செவ்வாய், இரவுச் சந்தையில்
கையில் பாண்டான் இலைக் கட்டோடு
நின்றுகொண்டே இருந்தேன்.
யாருக்கு வாங்கினேன்,
எந்தப் பக்கம் வீடு.
ஜெனரேட்டர் இரைந்தது. அவ்வளவுதான் சொல்வேன்.

சாயங்காலம் ஆ சோங்கின் டயர் கடை.
அவன் சோடா மூடி கறுப்பு, என்னுடையது சிவப்பு.
டாம் பலகையில் நேற்று
அவன் வேண்டுமென்றே ஒரு காயை விட்டான்.
பார்த்துவிட்டேன்.
பலகையைத் தட்டிவிட்டு எழுந்து வந்தேன்.
பாதி வழியில்தான் உறைத்தது:
பார்த்துவிட்டேனே!
மறுநாள் நானே மூடிகளைப் பொறுக்கி அடுக்கினேன்.

ஆறு மாதம். அதே மேசை, அதே பேனா.
எண்பத்தாறு.
எழுபத்தொன்பது.
எழுபத்து... எழுபத்து...
விசிறி சுற்றுகிறது.
'இறங்கவில்லை பாக்சிக்' என்கிறாள் மலாயில்,
'அதுவே பெரிசு.'

கண்ணாடி உடைந்த அந்தச் சிவப்பு லோரி,
சரக்கில்லாமல்,
பதினோராயிரத்து இருநூற்று நாற்பது கிலோ.
கேட்காமலே சொன்னேன்.

தாளில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.