பதினாலு

கட்டபெட்டு தேயிலை ஆலையில்
ஆறரை மணிக்கே மின்சாரம் கண் சிமிட்டும்.
அதற்குள் எழுதி, கோப்பை மூடிவிட வேண்டும்.
மூடாமல் விட்டால் கடைசி வரிகள்
தட்டுக்கு வந்து சேராமலே போகும்.
பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

இலை வரத்து, ஆயிரத்து நூற்றுச் சொச்சம் வரி.
பைத்தான் ஒவ்வொன்றாய் இழுத்து
காற்புள்ளியில் கிள்ளி
எடையை எண்ணாக்கிக்கொண்டே போனது,
இருநூற்று முப்பத்தொன்றில்
தடுக்கி விழுந்தது.
எனக்கு அன்றைக்குச் சளி, தலைபாரம்.
எக்செப்ட் போட்டு, அதன் கீழே
பாஸ் என்று அடித்தேன்.
சிவப்பெழுத்து எதுவும் வரவில்லை.
சுகமாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை ஜன்னலில் மாதியம்மாள்.
மழைக்கோட்டுக்குள்ளிருந்து
நனையாத ஒரு சீட்டு.
"செவ்வாக்கெழமை எலைக்குக் காசு வுழலையே?"

சீட்டில் எடைக்காரர் பெள்ளியின் கையெழுத்து:
பதினாலு.
கோப்பிலும் அதேதான், எழுத்தில்.
அன்றைக்கு அவருக்கு அப்படித் தோன்றியிருக்கிறது.

(௧௪ என்று இருந்திருந்தால்கூட
எண்ணென்று ஏற்றிருக்கும்.
அன்றிரவே சோதித்துப் பார்த்தேன்.)

பதினாலு கிலோவை
ஒரு சொல்லால் விழுங்கியவள் நான்.
மாதியம்மாளிடம் சிஸ்டம் கோளாறு என்றேன்.

பாஸை அழித்தாயிற்று.
எண்ணாக மறுக்கும் வரிகள் இப்போது
வேறொரு கோப்பில் சேர்கின்றன,
பழையதை அழிக்காமல், அடியில் அடியில்:
தேதி, வரி எண், பெயர், வந்தது வந்தபடி.
காலையில் டீ ஆறுவதற்குள்
அதைத்தான் முதலில் திறக்கிறேன்.

இன்று ஒரே வரி.
எடை இருக்கவேண்டிய இடத்தில்
பெள்ளி எழுதியிருக்கிறார்:
காட்டெருமை நிக்குது. நாளைக்கு.