யார் அந்த ‘நீ’

வால்பரைசோவில் அரங்கக் கதவு
இன்னும் திறக்கவில்லை.
தூறலில் நிற்கும் வரிசைக்குள் ஒரு வழக்கு:
“எழுந்திரு” என்று பாட்டு எழுப்பும் அந்த ‘நீ’ யார்?

கடவுள் உன்னைத்தான் எழுப்புகிறார் என்கிறாள் எர்மிந்தா,
காலி மீன்கூடையைத் தலையில் கவிழ்த்தபடி.
காதலி, என்கிறான் பச்சை முடிக்காரன்.
என் சிறுநீரகம், என்கிறார் டான் எவாரிஸ்தோ.
வாரம் மூன்று நாள்
டயாலிசிஸ் இயந்திரத்தோடு
இந்தப் பாட்டையும் மாட்டிக்கொண்டு கிடப்பவர்.
யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் படகு திரும்பாத நாளிலிருந்து
எனக்கும் கடவுளுக்கும் பேச்சு இல்லை.
இருந்தாலும் இரண்டாம் சரணத்துக்கு முன்
பாடகி மூச்சு இழுக்கும் அரை நொடியில்
நானும் இழுத்துக்கொள்கிறேன்.
விடுவதற்குத்தான்
பாட்டு வேண்டியிருக்கிறது.

கதவு திறந்தது. தள்ளுமுள்ளு.
வழக்கை அப்படியே விட்டுவிட்டு ஓடினோம்.
எவாரிஸ்தோவின் கட்டுப்போட்ட கைக்கு மட்டும்
கூட்டம், சொல்லாமலே,
ஒரு முழம் ஒதுங்கியது.