அரை அங்குலம்

ஞாயிற்றுக்கிழமை
பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகள் இல்லை.
தொட்டில் கம்பியில் எங்கள் நூல்பைகள் ஆடுகின்றன.
சாவி புஷ்பகாந்தியிடம்,
ஆயம்மா வேலை அவளுக்கு.
தொரைக்குத் தெரியாது. தெரிந்தாலும்
நூல் பின்னக்கூடாதென்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

மெஷின் இந்திரமதியுடையது.
மேல் லயத்திலிருந்து மூன்று பேர் தூக்கிவந்தோம்.
அறுந்த பெல்ட்டுக்குப் பதில் சைக்கிள் டியூப்;
ஓடும்போது இருமுகிறது.
"எங்க மாமியார் மாதிரி" என்கிறாள்,
"இருமும், ஆனா நிக்காது."

தவமலரின் ப்ளவுஸ் மூன்று திருவிழா பார்த்துவிட்டது.
கை வைத்தாயிற்று, கழுத்து இன்னும் வெட்டவில்லை.
"இதுக்கு அரைப்பேர்தான் போடணும்" என்றேன்.
"போடு, போடு.
செக்ரோல்ல போடுறவங்ககிட்ட நான் என்ன சண்டையா புடிச்சேன்?"
"வாயில ஊசிய வச்சுக்கிட்டுப் பேசாதடி!"

நான் தைப்பது ஒட்டுப்போர்வை.
மேல்பக்கத்துக்கு, இந்திரமதி மகள்
கட்டுநாயக்கவிலிருந்து மூட்டையாய் அனுப்பும் வெட்டுத்துண்டுகள்.
யாரோ வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பைஜாமாவில் மிஞ்சிய
பென்குயின்கள்,
பாதிப் பென்குயின்கள்,
கால் மட்டும் உள்ள பென்குயின்கள்.
அடிப்பக்கத்துக்கு என் பழைய படங்கு.
எத்தனை தரம் அவித்தும்
கொழுந்துக் கறை போகவில்லை.
நோர்வூட் குளிருக்கு இரண்டும் பொருந்தும்.

நாலு மணிக்கு ரெஜினா வருவாள்.
பால்மா டின்னில் சாய்த்துவைத்த போனுக்குள்,
குவைத்தில் மேடம் தூங்கும் நேரத்தில்,
குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவான குரலில்.
"காட்டுங்கடி."
காட்டினோம்.
"உன் தையல் என்ன,
பத்தாம் நம்பர் லயத்துப் படி மாதிரி ஏறி எறங்குது?"

ஐந்து பேரும் சேர்ந்து ஒரு கட்டில்விரிப்பு.
ஆளுக்கு இருபத்திரண்டு குரோஷே சதுரம்,
முடிந்ததும் சீட்டுக் குலுக்கி ஒருத்தி எடுப்பது.
அவளுடையவை போன கிழமைதான் வந்து சேர்ந்தன,
லீவில் வந்தவள் கையில், பிஸ்கட் டின்னுக்குள்.
பிஸ்தாப் பச்சை. ஹட்டன் கடை எதிலும் இல்லாத பச்சை.
பாயில் பரப்பினோம்.
எல்லாமே அரை அங்குலம் சின்னது.

இந்திரமதி இரண்டு தரம் டேப் பிடித்தாள்.
அதே கொக்கி ஊசி, அதே கண்ணிக்கணக்கு.
"கை இறுக்கமா இருக்குடி ஒனக்கு" என்றாள் போனைப் பார்த்து.
"இங்க ஏசி" என்றாள் ரெஜினா.
"குளிர்ல வெரல் அப்படித்தான் இழுக்கும்."

மாசி மாசப் பனியில்
விடிகாலை மலைக்கு ஏறியவர்கள் நாங்கள்.
அவளும்தான்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.

அப்போது மேட்டிலிருந்து மூட்டம் இறங்கி
சிக்னலைத் தின்றது.
பாதி திறந்த வாயோடு அவள் முகம் நின்றுபோனது.
நின்ற முகத்திடமே தவமலர்
கோழி விலை சொல்லிக்கொண்டிருந்தாள் கொஞ்ச நேரம்.

"பிரிச்சுப் புதுசா போட்றலாமா?" என்றேன்.
"முடிச்சப் பாரு. பல்லால கடிச்சாலும் வராது."
"அப்ப சுத்தி இன்னொரு வரி போடு."
நூல்?
புஷ்பகாந்தி எழுந்து வீட்டுக்குப் போனாள்.
புருஷனின் மண்நிற ஸ்வெட்டரோடு வந்தாள்.
வலதுகைப் பக்கம் வேகமாகக் கரைந்தது.
"தேடுவாரே?"
"தேடட்டும். எடது கை இருக்குல்ல."

இருபத்திரண்டு சதுரத்துக்கும் ஓரம் கட்ட
இரண்டு கிழமை ஆனது.
ரெஜினா கண்ணைப் போனுக்குள் விடுவதுபோல் குனிந்தாள்.
ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னாள்.
ஒன்பதாவதில் நிறுத்தினாள்.
"இத யாரு போட்டது?
மூலையில ஒரு கண்ணி விட்டுப்போச்சு."
"இங்க யாருக்குடி தெரியப்போவுது?"
"எனக்குத் தெரியுதே. பிரி."

புஷ்பகாந்தி
இங்கே எழுத முடியாத ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொண்டே
நூல் நுனியை இழுத்தாள்.
"மேடம் எழும்பிட்டா" என்றது போன்.
அப்புறம் பால்மா டின் மட்டும் இருந்தது.