கேட்டுக்கு இந்தப் பக்கம்

கடைத்தெருவிலிருந்து மூன்று கம்பம் தாண்டினால்
தோட்டத்து இரும்புக் கேட்டு.
கம்பி அங்கேயே நின்றது
பதினோரு வருஷம்.
கடைசிக் கம்பத்தில் உட்கார்ந்து மைனாக்கள்
செம்பனைப் பக்கம் எச்சமிடும்.

காரணம் எனக்குத் தெரியும்,
நான் ஆபீஸ் கிராணி.
பொதுப் பணம் தனியார் மண்ணில்
கால் வைக்கக் கூடாதாம்.
அந்தப் பக்கம் அரசாங்கம்,
இந்தப் பக்கம் கம்பெனி,
நடுவில் அறுபத்து நாலு வீடு.
கம்பெனி ஜெனரேட்டர் ஆறரைக்கு இருமும்
பத்துக்கு மூச்சை விடும்.
ரெங்கநாயகிக்குப் பத்து ஐந்துக்குப் பிள்ளை பிறந்தது.
கைபேசி வெளிச்சத்தில் கொடி அறுத்தார்கள்.

பிறகுதான் படிவம் வந்தது,
கடன் தரும் வங்கியிலிருந்து ஒரு பெண்ணோடு.
கூட நில அலுவலகத்து சுல்ஹைரி,
சப்பாத்தில் செம்மண் படாமல் நடக்கப் பார்த்தார்.
கேள்வி பதினான்கு:
இருட்டிய பிறகு உங்கள் வீட்டில் நடக்கும்
பொருளாதார நடவடிக்கை என்ன?
தமிழில் கேட்டேன்.
தேவசகாயம் யோசித்துவிட்டுச் சொன்னார்:
'கொசு அடிக்கிறோம். கூலி கிடையாது.'
'ஏதுமில்லை' என்று எழுதிவிட்டேன்.
அதற்கு இன்றைக்கும் அவரிடம் எனக்குக் கூச்சம்.

கடன் கையெழுத்தானது, பணம் இருந்தது,
எழுத இடமில்லை.
புத்ராஜெயாவில் யார் யாரோ இரண்டு வருஷம்
கணக்குப் புத்தகத்தைத் திருத்தினார்கள்:
அடுத்தவன் நிலத்தில் குடியிருப்பவனுக்கும்
அரசு செலவழிக்கலாம் என்று
ஒரே ஒரு வரி.
தமிழில் வரி என்றால்
எழுதுவதும்தான், கட்டுவதும்தான்.
பீருக்கும் சிகரெட்டுக்கும் அப்பா கட்டியதெல்லாம் ஒரு வரி,
இது இன்னொரு வரி.
அப்பா இதைப் படிக்கவில்லை.
போன மாசிதான் முதல் திவசம்.

முதல் கான்ட்ராக்டர் கம்பி நீட்ட வந்து
கம்பி நீட்டிவிட்டார்.
இரண்டாமவர் முடித்தார்.
ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணி தாண்டியும்
விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.
அணைக்க யாருக்கும் தோன்றவில்லை,
சுவிட்சைத் தொட்டுப் பழக்கமில்லை.

வள்ளிமயில் தவணையில் ஃப்ரீசர் வாங்கினாள்.
சீராப் ஐஸ், பாக்கெட் முப்பது காசு.
பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் சிவந்த நாக்கு.
எட்டாம் மாதம் பில்லோடு ஆபீஸுக்கு வந்தாள்,
கூடவே வந்த கடிதத்தை
என் மேசையில் விரித்தாள்.
கடனின் இரண்டாம் தவணைக்கு நிபந்தனையாம்,
மானியம் படிப்படியாகக் குறையுமாம்.
எழுபத்தொரு வெள்ளி நாற்பது காசு.

'நான் ஃப்ரீசருக்குத்தானே கடன் வாங்கினேன்,
இது யார் வாங்கின கடன்?'
'நாம்தான்.'
'எப்போ?'
'இருபத்தைந்து வருஷத்துக்கு.'

கேட்டது அதுவல்ல.
தெரிந்தும் அதைத்தான் சொன்னேன்.

அவள் விரல் விட்டு எண்ணினாள்.
ரெங்கநாயகி மகளுக்கு இப்போது ஐந்து வயசு,
கடன் தீரும்போது முப்பது.
வெளியே அந்தப் பிள்ளை
மீட்டர் பெட்டிக்குக் கீழே நின்று
சிவப்புக் கண் சிமிட்டும்போதெல்லாம்
தானும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

'பாக்கெட்டுக்கு அஞ்சு காசு ஏத்திடட்டுமா, கிராணி?'

கால்குலேட்டரை அவள் பக்கம் தள்ளினேன்.
தட்டிப் பார்த்தாள், துடைத்தாள்,
மறுபடி தட்டினாள்.
'அதுவரைக்கும்
மோட்டார் தாங்குமா?'