காட்பாடியில் இரண்டு நிமிடம்

ரயில் அங்கே நிற்பது இரண்டு நிமிடம்.
இந்த சீசனில் அதுவரை நான் ஆடியதும்
ஏறக்குறைய அவ்வளவுதான்.
கணக்கெழுதும் பையனிடம் கேட்டேன்:
ஐந்து ஆட்டம், ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி,
பிடித்த பந்து ஒன்று,
போட்டது இல்லை,
தவறு மூன்று.
சம்பளம் மட்டும் முழுசாக வந்துவிடுகிறது.
மாதம் இருபத்திரண்டாயிரம், பதினொரு மாத ஒப்பந்தம்.
அதை நம்பிக் கழிஞ்சூரில்
மாடிக்கு ஜல்லி இறக்கிவிட்டார்கள்.

பெங்களூரிலிருந்து சென்னைக்குப் போகிறோம்.
ஆம்பூர் தாண்டும்போதே ஜன்னலுக்கு வந்துவிட்டேன்.
எதிர் சீட்டில் கோச் வாய் திறந்து தூங்குகிறார்.
என் இடது ஷூவும் அப்படியே,
பெருவிரல் பக்கம் வாய் பிளந்து.

அம்மா ராணிப்பேட்டை சிப்காட்டில், பேஸ்டிங் பிரிவு.
ஒரு நாளைக்கு நானூறு ஜோடிக்கு அடி ஒட்டுகிறாள்,
அவள் போகாத ஊர்களின் கால்களுக்கு.
"குடுத்தனுப்பு, கடைல ஒட்னா நிக்காது,
நம்ம பசை வேற" என்றிருந்தாள் போனில்.
எப்படியும் பெஞ்சுதானே.
கழற்றிவிட்டேன்.

தம்பி பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்து ஓடிவந்தான்.
ஜன்னல் கம்பிக்குள் ஷூ நுழையவில்லை.
கதவுக்கு ஓடினேன்.
"இன்னாக்கா இது, படகு மாதிரி கீது."
தலையில் ஒன்று போடக் கை நீட்டினேன்;
அதற்குள் ரயில்
அவனைப் பின்னால் தள்ளிவிட்டது.

மறுநாள் மாலை பெஞ்சில்
ரப்பர் செருப்போடு உட்கார்ந்திருந்தேன்,
மடியில் போட்ட துண்டு தரை வரை தொங்க.
மூன்றாவது குவார்ட்டர் பாதியில்
ஹர்ஜோத் ஐந்தாவது தவறு செய்தாள்.
கோச் திரும்பினார்.
உயரம் என்று மிச்சமிருந்தது நான்தான்.
"நிரோஷா."
இத்தனை நாளில் முதன்முறையாக
என் பெயரைச் சரியாகச் சொன்னார்,
அந்த நேரம் பார்த்து.

முட்டியில் ஐஸ் கட்டியிருந்த தேச்சம்மா
என் காலைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
தன் ஷூவைக் கழற்றி
என் பக்கம் எத்திவிட்டாள்.
அவள் ஒன்பது. நான் பத்து.

பன்னிரண்டு நிமிடம் நாற்பது நொடி.
அதில் எனக்கு நினைவிருப்பது பெருவிரல்கள்தான்.
பந்து வளையத்தின் மேல் உருண்டுகொண்டிருக்கும்,
உள்ளே போகவா வேண்டாமா என்று.
எல்லாரும் அது முடிவெடுக்கக் காத்திருப்பார்கள்.
நான் காத்திருக்கவில்லை.
தரையில் நிற்பதைவிட
காற்றில் இருந்தால் வலி குறைவு.
அதனால் குதித்தேன்.
சும்மாவும் குதித்தேன்.

பிடித்த பந்து ஏழு.
பதினொரு புள்ளியில் தோற்றோம்.
பஸ்ஸில் கோச் என் சீட்டருகே நின்று கேட்டார்:
"இப்படித் தினமும் குதித்தால் என்ன?"

திரும்பும் ரயில்
திருவலம் பாலத்தின் இரும்பை அதிரவைத்துத் தாண்டியதும்
எழுந்து கதவுக்கு வந்து நின்றேன்.
மேடையில் அம்மா.
ஷிப்ட் முடிந்து நேராக, கம்பெனியின் நீலக் கோட்டோடு.
நகக்கண்ணில் காய்ந்த பசை.
ஷூவைக் கொடுக்கவில்லை முதலில்.
"இப்ப பாரு" என்று
தானே அடியைப் பிடித்து இழுத்துக் காட்டினாள்.
அசையவில்லை.
அடுத்த ஷூவையும் இழுத்தாள்; அது கிழியவே இல்லை,
அதையும் ஒட்டியிருக்கிறாள்.
ஒன்றரை நிமிடம் இதிலேயே போயிற்று.

"ஆட உட்டாங்களா?"
"உட்டாங்க."
"அப்போ இன்னாத்த போட்டுகினு..."
அப்போதுதான் கீழே பார்த்தாள்.
ரப்பர் செருப்பு. பிளாஸ்திரி. கருத்த நகம் இரண்டு.

ரயில் ஊதியது.
ஆட்டத்தில் என்றால் பந்து வெளியே போனதும்
கடிகாரத்தை நிறுத்தி வைப்பார்கள்.
அம்மா கூடவே நடந்தாள், பிறகு கொஞ்சம் ஓடினாள்.
எவ்வளவு என்று கேட்கிறாள் போலிருந்தது கை.
ஏழு காட்ட இரண்டு கை வேண்டும்.
ஒன்றில் கதவுக் கம்பி.
ஷூவைக் கக்கத்தில் இடுக்கி
ஐந்து விரித்து, மூடி, இரண்டு காட்டினேன்.
பார்த்தாளோ இல்லையோ.
மேடை முடியும் சரிவில் நின்றுகொண்டு
இன்னும் என் காலையே
பார்த்துக்கொண்டிருந்தாள்.