ஒன்பது செக்கன்

தேர்தல் மாதம்.
ஒரே கிழமையில் மூன்று கட்சிக்கும் வாசித்தோம்.
வியாழன் நீலம், வெள்ளி சிவப்பு, ஞாயிறு செம்மஞ்சள்.
மேசை விரிப்பு மட்டும் மாறியது.
ஸ்காபரோவில் அதே மண்டபம்,
அதே கடை மட்டன் ரோல்ஸ்.

வேட்பாளர் உள்ளே வரும்போது
"ஏதாவது துள்ளலாப் போடுங்கோ அண்ணை."
போட்டோம்.
தியேட்டரில் கதாநாயகனின் சப்பாத்தை மட்டும்
முதலில் காட்டும்போது வருமே, அந்த வகை.
மூவரும் ஒரே இடத்தில் கையைத் தூக்கினார்கள்.
மூவரும் "வணக்கம்" சொல்லும்போது
ணகரத்தில் இடறினார்கள்.
ட்றம்ஸுக்குப் பின்னால் யூட்
என் பக்கம் திரும்பவே இல்லை.
திரும்பினால் சிரித்துவிடுவான்.

நான் பேஸ் கிற்றார்.
இருபத்திரண்டு வருடம்.
கலியாணம், சாமத்திய வீடு, ஐம்பதாவது பிறந்தநாள்,
பழைய மாணவர் சங்கம்,
அதிலிருந்து பிரிந்துபோன பழைய மாணவர் சங்கம்.
வீடியோவில் என் முழங்கை வரும்.
சம்பளம் உறையில் வரும்.
எண்ணாமல் வாங்குவது மரியாதை,
வானுக்குள் ஏறி எண்ணுவது அனுபவம்.

ஞாயிறு, அகவணக்கம்.
எல்லோரும் எழும்பினார்கள்.
சத்தம் நின்றால்தான் மண்டபம்
தன் சுருதியைச் சொல்லும்:
சமையலறைக் குளிர்ப்பெட்டி,
பி பிளாட்டுக்கும் பிக்கும் நடுவில்.
இந்த நாட்டு மின்சாரம் முழுக்க அந்த ஒரே முனகல்தான்.
கிற்றாரைத் தோளில் சரிசெய்தேன்.
வார் வழுக்கியது.
தடித்த தந்தி
ஒரே ஒரு தரம்
திறந்தபடி அதிர்ந்தது.

வழுக்கியது வார்.
அமர்த்த ஒரு உள்ளங்கை போதும்.
ஒன்பது செக்கன் நான் அமர்த்தவில்லை.
அது வார் செய்ததல்ல.

விடிவதற்குள் வட்ஸ்அப்பில் மூன்று உரை.
எதிர்ப்பு என்றார் ஒருவர்.
அவமதிப்பு என்றார் இன்னொருவர்,
என் அப்பாவின் ஊர், கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் கிளறி
நான் எந்தப் பக்கம் என்று நிறுவினார்.
மூன்றாமவர் சுருக்கமாக: "பேஸ்காரன் நல்ல தண்ணி."
நான் குடித்தது இஞ்சிப் பிளேன்ரீ.

செவ்வாய்க்குள் மார்க்கம் பக்கத்துப் பெட்டை ஒருத்தி
அந்தத் தந்திக்குக் கீழே ஒரு தாளம் போட்டு,
பனியில் குப்பைத்தொட்டி இழுத்துப்போகிற மாதிரி
ஒரு நடனம் செய்தாள்.
நாலு லட்சம் பேர் பார்த்தார்கள்.
பிலிப்பீன்ஸில் ஒரு பல் வைத்தியர்
நோயாளியைக் கதிரையில் வைத்துக்கொண்டே ஆடினார்.
முழங்கை இல்லாமல், பாட்டுக்காரர் இல்லாமல்
ஊர் என்னைக் கேட்டது அப்போதுதான்.
பிள்ளை நல்லாத்தான் செய்திருக்கிறாள்,
சுருதியைச் சற்று ஏற்றிவிட்டதைத் தவிர.

சனி, பிக்கரிங்.
முலாம் பூசிய கதிரைகளில் மணமக்கள்.
மாப்பிள்ளைத் தோழன் மேடைக்கு ஏறி வந்து
"அண்ணை, அந்த ஒரு நோட்."
அடித்தேன்.
அதே தந்தி, அதே நீளம், மனதுக்குள் எண்ணி.
விசில் பறந்தது.
அது அதில்லை.
யூட் குச்சியால் முதுகைச் சொறிந்தபடி
தலையை ஆட்டினான்,
இல்லை என்று.

திங்கள், பள்ளிக்கூட ஜிம்.
வரிசையில் சப்பாத்துகள் பனி உருக்கின.
சீட்டு நீட்டிய பெண்
அடையாள அட்டையை இரண்டு தரம் பார்த்தாள்.
"நீங்கள்தானே…"
ஓம் என்றேன்.
மறைப்பு மட்டைக்குப் பின்னால் ஒரு குட்டிப் பென்சில்.
யாரும் உள்ளே வரவில்லை,
யாருக்கும் வாசிக்கத் தேவையில்லை.
மேலே குழல்விளக்கு,
பி பிளாட்டுக்கும் பிக்கும் நடுவில்.
நின்று கேட்டேன்.
பின்னால் ஒருவர் செருமினார்.
கீறிவிட்டு வந்தேன்.
எந்தப் பெயருக்கு நேரே என்று
யூட்டுக்கும் சொல்லவில்லை.

அடுத்தநாள் காலை கோல் வந்தது.
வென்றவருக்கு விருந்து, அதே மண்டபம்.
விரிப்பின் நிறத்துக்குச் சேட்டுப் போடச் சொன்னார்கள்.
நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.
வைக்கப்போகும்போது குரல் தாழ்ந்து கேட்டது:
அந்த ஒரு நோட்டும் வேணுமாம்,
அவர் உள்ளே வரும்போது.